பேச்சு தாமதமா? பிள்ளைக்குத் தெரபியா, பெற்றோருக்குப் பயிற்சியா: மதுரைப் பக்கத்தில் உள்ள வழிகள்

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகனுக்கு இரண்டே கால் வயது. அம்மா, தாத்தா, பூ, அப்புறம் நாலைந்து சொல். அவ்வளவுதான் பேச்சு. சொல்வதெல்லாம் புரிகிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான். மதுரையில் பேச்சுத் தெரபி தரும் ஒரு சென்டரில், "வாரம் மூன்று நாள் கொண்டுவந்து விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்களாம். இன்னொரு இடத்தில், "பயிற்சி உங்களுக்குத்தான், வாரம் ஒருமுறை பிள்ளையோடு வாருங்கள்" என்றார்களாம். வீட்டில் அப்பத்தாவோ, "இவன் அப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான், சும்மா விடுங்க" என்கிறார். மூன்றில் யார் பேச்சைக் கேட்பது?

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று ஊர் மாறினாலும் கேள்வி இதேதான். பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருப்பவள் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே படியுங்கள். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அது ஒன்றே போதும் என்று நான் நினைக்கவில்லை. எங்கே போதாது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

## எந்த வழிக்கும் முன்னால் காது

தெரபியா பயிற்சியா என்று யோசிப்பதற்கு முன் காதைச் சோதித்துவிடுங்கள். "டிவி சத்தம் கேட்டால் திரும்புகிறானே" என்பது போதாது. கனமான ஒலிகள் கேட்டு, ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு மங்கலாகத்தான் காதில் விழும். ஓ.ஏ.ஈ. என்ற சோதனை சில நிமிட வேலை. பெரா என்ற சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கிப் போக வேண்டும். இரண்டிலும் வலி கிடையாது.

நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அக்கா மகளை, அத்தை மகனை, மாமா மகளைக் கட்டிக்கொள்வது இங்கே சாதாரணம். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் பிறவியிலேயே காது கேளாமை வருவதற்கான வாய்ப்பு கூடுதல். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்படிப்பட்ட குடும்பம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். கடுமையான கேளாமை உள்ள ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே வருகிறது. வயது ஏற ஏற அதன் பலன் குறையும்.

காதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய சில அறிகுறிகளும் உண்டு. ஒரு வயதாகியும் மழலை ஒலி இல்லை, விரல் நீட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை. ஒன்றேகால், ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" போல இரண்டு சொல் சேரவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போகின்றன. கடைசியாகச் சொன்னது எந்த வயதில் நடந்தாலும் அந்த வாரமே குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை.

நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி ஓடாதீர்கள். நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளை இடறச் செய்யலாம். பிள்ளை பேசவே தொடங்காததற்கு அது காரணமாவதில்லை. கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக நேர்ந்திருந்தால் தாராளமாகக் கட்டுங்கள், காதுச் சோதனையையும் முடித்துவிடுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

கட்டணத்தை மட்டும் பார்த்தோ, வீட்டுக்குப் பக்கம் என்பதை மட்டும் பார்த்தோ முடிவெடுக்கிறவர்கள்தான் அதிகம். நான் பார்க்கச் சொல்வது ஐந்து.

முதலாவது, வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளைக்கு உண்மையிலேயே பயிற்சி போய்ச் சேர்கிறது. இரண்டரை வயதுப் பிள்ளை ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது, வாரத்துக்கு 84 மணி. வாரம் மூன்று முறை, முக்கால் மணி நேரத் தெரபி என்றால் இரண்டே கால் மணி. மிச்சம் 81 மணிக்கும் மேல். அந்த நேரத்தில் பிள்ளையோடு இருப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி.

இரண்டாவது, பெற்றோர் செய்வதை யாராவது நேரில் பார்த்துத் திருத்துகிறார்களா. "வீட்டில் நிறைய பேசுங்கள்" என்று சொல்லி ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுத்தால் அது பயிற்சி ஆகாது.

மூன்றாவது, மொத்தச் செலவு: கட்டணம், ஆட்டோ, விடுப்பு, இழந்த கூலி, வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளை. நான்காவது, இதை ஆறு மாதமாவது விடாமல் செய்ய முடியுமா. ஐந்தாவது, பிள்ளைக்கு வேறு ஏதேனும் பிரச்சினை இருந்தால் இந்த வழியில் அது கண்ணில் படுமா, மறைந்து போகுமா.

## காத்திருந்து பார்ப்பது

அப்பத்தா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு வயதில் பேச்சு குறைவாக இருந்து, பிறகு தானாகவே மற்றவர்களை எட்டிப்பிடிக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. சிக்கல் என்னவென்றால், எட்டிப்பிடிக்கப் போகிற பிள்ளை எது, போகாத பிள்ளை எது என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. பேச்சு தாமதமான இரண்டு வயதுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் அம்மாக்களுக்குக் குறுகிய காலக் குழுப் பயிற்சி கொடுத்தார்கள், மறுபாதியைக் காத்திருக்க வைத்தார்கள். மூன்று வயதில் பார்த்தபோது, பயிற்சி பெற்ற அம்மாக்களின் பிள்ளைகளில் 75 சதவீதம் பேர் வயதுக்கேற்ற பேச்சுக்கு வந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 44 சதவீதம். காத்திருந்தவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தேறியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், அப்பத்தாவின் அனுபவம் அங்கிருந்துதான் வருகிறது. மிச்சப் பாதியைப் பற்றித்தான் என் கவலை.

இன்னொன்று. "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பதைக் காத்திருக்கக் காரணமாகச் சொல்கிறோம். அது நேர்மாறாக எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. குடும்பத்தில் பேச்சுத் தாமதம் இருந்திருந்தால் பிள்ளைக்கும் அது நீடிப்பதற்கான வாய்ப்பு கூடுதல் என்பதால் முன்கூட்டியே பார்ப்பதுதான் சரி. ஆண் பிள்ளைகள் சற்றுத் தாமதமாகப் பேசுவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு மாதக் கணக்கு, ஒரு வருடக் கணக்கு இல்லை.

மறைந்திருக்கும் செலவு நாள்தான். கையிலிருந்து காசு போகாததால் நாள் போவது தெரிவதில்லை. பேச முடியாத பிள்ளை கடிக்கும், அடிக்கும், தரையில் விழுந்து புரளும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடித்து வளர்க்கும் வீடுகளும் உண்டு.

இரண்டு வயதுகூட ஆகவில்லை, காது சரி, சொல்வது நன்றாகப் புரிகிறது, சைகை நிறைய, கண் பார்த்துச் சிரிக்கிறது என்றால் காத்திருக்கலாம். அதையும் நாள் குறித்துக் காத்திருங்கள். மூன்று மாதம் கழித்து என்று காலண்டரில் வட்டமிட்டு, இன்று சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தால், அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

## சென்டரில் விட்டுவிட்டு வருவது

பிள்ளை உள்ளே போகும், கதவு மூடும், அம்மா வெளியே நாற்காலியில் போனைப் பார்த்தபடி காத்திருப்பார். மதுரையில் பல இடங்களில் நடைமுறை இதுதான். பல பெற்றோருக்கு இதுவே ஆறுதலாகவும் இருக்கிறது. படித்தவர் கையில் ஒப்படைத்துவிட்டோம் என்ற நிம்மதி.

நல்ல தெரபிஸ்டிடம் போனால் பலன் உண்டு. குறிப்பாகச் சில பிள்ளைகளுக்கு இதுவேதான் வேண்டும். வாய் அசைவுகளை ஒழுங்குபடுத்த முடியாமல் ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் பிள்ளை, அண்ணப் பிளவுக்கு, அதாவது மேல்வாய் பிளந்து பிறந்ததற்கு, அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளை, மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும் பிள்ளை, நான்கு வயதை நெருங்கியும் வெளியாருக்குப் பேச்சு புரியாத பிள்ளை ஆகியோருக்குத் தெரபிஸ்டின் கை நேரடியாகத் தேவை. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள், அம்மா உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் இருக்கிறார் என்றாலும் இப்போதைக்கு இதுதான் நடக்கிற காரியம்.

செலவைப் பார்ப்போம். ஒரு அமர்வு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரம் மூன்றுக்கு மாதம் 6,000. இது கண்ணுக்குத் தெரிவது. மேலூரிலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் போகிறது. டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடிப்பவரிடம் கேட்டால் அந்த அரை நாள் என்னவென்று சொல்வார். கூலி வேலை என்றால் அன்றைய கூலியும் போயிற்று.

இதைவிடப் பெரிய மறைமுகச் செலவு, உள்ளே பேசுகிற பிள்ளை வீட்டில் பேசாமல் போவது. உள்ளே அட்டையைக் காட்டினால் "ஆப்பிள்" என்று சொல்லும். வீட்டில் பசித்தால் பழையபடி அழும். சொல் அந்த அறைக்கும் அந்த மேசைக்கும் பழகிவிட்டது, சமையல்கட்டுக்கு வரவில்லை. "பேச வேண்டியது சென்டரில்" என்று வீடும் ஒதுங்கிவிடுகிறது.

## பெற்றோரும் உள்ளே உட்காரும் தனிப் பயிற்சி

இதில் தெரபிஸ்ட் பிள்ளையோடு விளையாடுவது குறைவு, உங்களை விளையாட வைத்துப் பார்ப்பது அதிகம். வீட்டில் நீங்கள் சாப்பாடு ஊட்டுவதையோ குளிப்பாட்டுவதையோ ஐந்து நிமிடம் போனில் எடுத்துவரச் சொல்வார்கள். அதைச் சேர்ந்து பார்த்து, "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை" என்று காட்டுவார்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கம். அடுத்த வாரம் அடுத்தது.

கேட்க எளிதாகத் தெரியும். நடப்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு அம்மாவும் இரண்டரை வயது மகளும் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார்கள். அம்மாவின் வழக்கம் இது: "இது என்ன? கீரை. சொல்லு. கீ... ரை. சொல்லு பாப்பா." மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அம்மாவிடம் சொன்னது இரண்டே: கேள்வி வேண்டாம், அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக் காத்திருங்கள். மகள் ஒரு இணுக்கை எடுத்து உருவுகிறாள், இலை முறத்தில் கொட்டுகிறது. அம்மா பேசவில்லை, மகள் முகத்தையே பார்க்கிறார். ஐந்தாறு நொடி. நமக்கு அது நெடுநேரமாகத் தோன்றும். மகள் நிமிர்ந்து பார்த்ததும் அம்மா சொல்கிறார்: "கொட்டுது." இன்னொரு இணுக்கு. "கொட்டுது." மூன்றாவது இணுக்கை அம்மா பிடித்துக்கொண்டு, உருவாமல் நிறுத்துகிறார். மகள் இணுக்கைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள். "ஒத்துது" என்கிறாள். "கொட்டுது! கீரை கொட்டுது!" என்று அம்மா உருவிவிடுகிறார்.

அந்த நேரத்தில் பிள்ளையின் கவனம் கீரையின் பேரில் இல்லை, அது கொட்டுவதில் இருந்தது. கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே சொல்லை வைத்தால் ஒட்டும். "ஒத்துது" என்றதைத் தப்பு என்று திருத்தாமல் சரியான வடிவில் திருப்பிச் சொல்லி, ஒரு சொல்லைக் கூட்டியதும் முக்கியம். பிள்ளை ஒரு சொல் சொன்னால் நாம் இரண்டு, இரண்டு சொன்னால் நாம் மூன்று. வேறு சில பழக்கங்களும் உண்டு. தரையில் உட்கார்ந்து முகத்துக்கு முகம் இருப்பது. "பாலா, தண்ணியா?" என்று இரண்டையும் காட்டித் தேர்வு கொடுப்பது. தெரிந்த விளையாட்டுப் பாட்டைக் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தி, முடிக்க விடுவது. பிஸ்கட் டப்பாவைக் கண்ணில் படும் இடத்தில், கைக்கு எட்டாமல் வைப்பது. எதற்கும் பொம்மை வாங்க வேண்டியதில்லை.

ஆய்வுகள் இதற்குப் பக்கபலமாக இருக்கின்றன. பெற்றோர் வழியே நடந்த மொழிப் பயிற்சிகள் குறித்த 18 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வந்த அலசல், இந்தப் பிள்ளைகள் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் முன்னேறியதைக் காட்டியது. கனடாவின் ஹேனன் மையம் 1970-களிலிருந்து இந்த முறையில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. பெற்றோர் பயிற்சி என்று பேர், வருவது பெரும்பாலும் அம்மா. சமையல், துணி, மாமியார், மூத்த பிள்ளையின் ஹோம்வொர்க், இதற்கு நடுவில் "நீங்கள்தான் தெரபிஸ்ட்" என்று ஒரு பாரத்தைத் தலையில் வைக்கிறோம். பிள்ளை பேசாவிட்டால், "நீ ஒழுங்காகச் செய்யவில்லை" என்று வீட்டில் பேச்சு வரும். பயிற்சி தருகிறவர்கள் முதல் நாளே சொல்ல வேண்டியது: உங்களால் இந்தத் தாமதம் வரவில்லை. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வது அப்பத்தாவோ அம்மாச்சியோ என்றால் அவர்களைத்தான் அழைத்து வர வேண்டும். வாரம் ஒருமுறை அப்பா வந்தே ஆக வேண்டும் என்று கேட்கிற பயிற்சியாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

## குழுவாகச் சேர்ந்து கற்பது

ஏழெட்டுப் பெற்றோர், ஒரு பயிற்சியாளர், வாரம் ஒரு அமர்வு. தலைக்கு ஆகும் செலவு குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சி இப்படித்தான் அமைந்திருக்கிறது: ஒன்பது குழு அமர்வுகள், மூன்று முறை வீட்டுக்கே வந்து பார்ப்பது. இரண்டு முதல் ஒன்பது வயது வரை வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் குடும்பத்துக்கானது. சிறப்பு நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற களப் பணியாளர்களும் நடத்தலாம் என்பதுதான் அதன் பலம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குக் களப் பணியாளர்கள் கொடுத்த தனிப் பயிற்சியிலும், பெற்றோர் பிள்ளையோடு பழகும் விதம் மாறியதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது குழுப் பயிற்சி இல்லை. ஆனாலும் நிபுணர் இல்லாத ஊரிலும் இது முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

குழுவில் கிடைக்கும் வேறொரு பலனை எந்தக் கட்டணத்துக்கும் வாங்க முடியாது. "என் பிள்ளை மட்டும்தான்" என்ற நினைப்பு முதல் அமர்விலேயே உடையும். பக்கத்தில் இருப்பவர் சொல்லும் உபாயம், நிபுணர் சொல்வதைவிடச் சில நேரம் சீக்கிரம் மனதில் இறங்கும்.

குறை, உங்கள் பிள்ளைக்கென்று ஒதுக்கும் நேரம் கொஞ்சம். வீடியோவோ வீட்டு வருகையோ இல்லாத குழு, வெறும் சொற்பொழிவாக முடிந்துவிடும். இரண்டு அமர்வு தவறினால் சங்கிலி அறுந்துவிடும். எல்லார் முன்னாலும் விளையாடக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு.

## அரசு மையம்

ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்கும். வளர்ச்சித் தாமதம் என்று பட்டால் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட மையத்துக்கு அனுப்பும். மதுரைக்கு அது கோரிப்பாளையம் அருகே அரசு ராஜாஜி மருத்துவமனையில் இருக்கிறது. குழந்தை நல மருத்துவர், காது மற்றும் பேச்சு நிபுணர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மையங்களின் அமைப்பு. ஐந்தாவது அளவுகோலில், அதாவது வேறு பிரச்சினை இருந்தால் கண்ணில் படுமா என்பதில், இதை மிஞ்சும் வழி இல்லை. தனியாரிடம் காது ஒரு இடம், மனநலம் ஒரு இடம், நரம்பு ஒரு இடம் என்று அலைய வேண்டியிருக்கும்.

கட்டணம் கிடையாது. கூட்டமும் காத்திருப்பும் உண்டு. இரண்டு அமர்வுகளுக்கு இடையே நாள் நிறைய விழலாம். அதனால்தான் என் யோசனை: அமர்வு எத்தனை என்று எண்ணாமல், ஒவ்வொரு முறையும் "அடுத்த முறை வரைக்கும் வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும், என்னைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்" என்று கேளுங்கள். மாதம் இரண்டு அமர்வுகூட, இப்படிக் கேட்டு வாங்கினால் பெற்றோர் பயிற்சியாகிவிடும்.

## ஆன்லைன்

பேரையூர், எழுமலை போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். தெரபிஸ்ட் உங்கள் வீட்டையே பார்க்கிறார், திண்ணையும் தொட்டிலும் அங்கே உள்ள பொருளும்தான் பயிற்சிக்கான சாமான். வளைகுடாவில் இருக்கும் அப்பாவும் அதே அழைப்பில் சேரலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிள்ளையைத் திரைக்கு முன் உட்காரவைத்துத் தெரபிஸ்ட் பொம்மை காட்டினால் அது இந்த வயதுக்குப் பயன்படாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் 2021 அறிவுரை. சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ கால் பேசுவது மட்டும் விலக்கு. சரியான ஆன்லைன் பயிற்சியில் போன் சன்னல் ஓரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், காதில் நீங்கள் ஹெட்போன் மாட்டியிருப்பீர்கள், பிள்ளைக்கு அப்படி ஒருவர் பார்ப்பதே தெரியாது. காதுச் சோதனையும் முதல் மதிப்பீடும் நேரில்தான்.

ப்ளே ஸ்கூல் பற்றியும் கேட்கிறார்கள். மற்ற பிள்ளைகளோடு பழகுவது நல்லது, அங்கன்வாடியிலேயே அது கிடைக்கும். பேச்சுத் தாமதத்துக்கு மருந்தாக நினைத்து முப்பது பிள்ளைகள் நடுவில் கொண்டுபோய் விட்டால், பேசாத பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | பிள்ளைக்குச் சேரும் நேரம் | மறைமுகச் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| காத்திருப்பது | கணக்கில்லை | போன நாள் | இரண்டு வயதுக்குள், மற்றதெல்லாம் சரியாக உள்ள பிள்ளை, நாள் குறித்து |
| சென்டரில் விடுவது | வாரம் 2 முதல் 3 மணி | அரை நாள் கூலி. பேச்சு அறைக்குள் நின்றுபோவது | ஒலிப்புச் சிக்கல், விழுங்கும் சிரமம், வீட்டில் ஆள் இல்லாதவர்கள் |
| தனிப் பெற்றோர் பயிற்சி | விழித்திருக்கும் நேரமெல்லாம் | அம்மா மேல் விழும் பாரம் | ஒன்றரை முதல் மூன்று வயது |
| குழுப் பயிற்சி | அதேபோல, திருத்தம் குறைவு | தவறும் அமர்வுகள் | செலவு முக்கியம் என்பவர்கள், துணை தேடுகிறவர்கள் |
| அரசு மையம் | கேட்டு வாங்குவதைப் பொறுத்தது | காத்திருப்பு | முதல் மதிப்பீடு எல்லோருக்கும் |
| ஆன்லைன் | தனிப் பயிற்சி போல | திரைப் பழக்கம், சிக்னல் | தூரத்து ஊர், அப்பா வெளியூர் |

## வீட்டில் இரண்டு மொழி இருந்தால்

மதுரையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். பிள்ளை பேசவில்லை என்றதும், "வீட்டு மொழியை விடுங்கள், தமிழ் மட்டும் பேசுங்கள்" என்றோ, "ஸ்கூலில் சேர்க்க வேண்டும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்றோ அறிவுரை வரும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பிள்ளையின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பெற்றோர் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அப்பத்தாவுக்குச் சரளமாக வருவது சௌராஷ்டிரம் என்றால் அவர் சௌராஷ்டிரத்தில்தான் கொஞ்ச வேண்டும். வராத மொழியில் தடுமாறிப் பேசுகிறவரிடம் பிள்ளைக்குக் கிடைப்பது அரைகுறைச் சொல்லும் ஒட்டாத முகமும்தான். வீட்டு மொழியை விடச் சொல்லும் இடம் எதுவானாலும் இன்னொரு இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

## திருமங்கலத்து அம்மாவுக்கு என் பதில்

உங்கள் மகன் விரல் நீட்டுகிறான், புரிந்துகொள்கிறான், வயது இரண்டே கால். ராஜாஜி மருத்துவமனையில் காதையும் வளர்ச்சியையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால், உங்களுக்குப் பயிற்சி தருகிறோம் என்ற இரண்டாவது இடத்துக்குப் போங்கள். இரண்டாவது அமர்வுக்கு அப்பத்தாவையும் கூட்டிப்போங்கள், எதிர்ப்பதைவிட அவர் அங்கே இருப்பது நல்லது.

முன்பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் தெரபிஸ்ட் பதிவு செய்திருக்கிறாரா, எண் என்ன? அமர்வு முழுக்க நான் உள்ளே இருக்கலாமா? நான் பிள்ளையோடு விளையாடுவதைப் பார்த்துத் திருத்துவீர்களா? மூன்று மாதத்தில் எதை வைத்து முன்னேற்றம் என்று சொல்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு "பிள்ளை அழும், நீங்கள் வெளியே இருங்கள்" என்று மட்டும் பதில் வந்தால், எத்தனை வாரத்துக்கு அப்படி என்று கேளுங்கள்.

மூன்று மாதம் ஆனதும் சொற்பட்டியலை எடுத்துப் பாருங்கள். புதுச் சொற்கள் வாராவாரம் வந்துகொண்டிருந்தால், இரண்டு சொல் சேரத் தொடங்கியிருந்தால், அப்படியே தொடருங்கள். பட்டியல் அசையவில்லை என்றால் நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று பொருள் இல்லை. பிள்ளைக்கு இன்னும் நெருக்கமான உதவி வேண்டும் என்று பொருள். அப்போது நேரடித் தெரபியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுமதிப்பீட்டுக்கும் கேளுங்கள். வீட்டில் கற்ற பழக்கங்களை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. மூன்று வயது முடிந்தும் நிலைமை இதேதான் என்றால் வாரம் ஒருமுறைப் பயிற்சியோடு நிற்காதீர்கள்.